5,300 ஆண்டு: கரித்துண்டு சொல்வதும் சொல்லாததும்

2025 ஜனவரி 23 அன்று சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 'இரும்பின் தொன்மை' நூலைத் தமிழக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வெளியிட்டார். தமிழ் நிலத்தில் இரும்பு 5,300 ஆண்டுகளுக்கு முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது என்ற அறிவிப்பு, மேடை விளக்கு அணைவதற்குள் கடல் கடந்தது. மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டப்புறங்களிலும் புலனக் (வாட்ஸ்அப்) குழு இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று அரிது. ஒரு படம், ஒரு எண், கீழே பத்து வாழ்த்துகள் என்று அந்தச் செய்தி சுற்றியது. கூடவே ஒரு கேள்வியும் சுற்றியது: "அமெரிக்காவில் பார்த்தார்களாம். வேறு இடத்தில் பார்த்தால் வேறு மாதிரி வருமோ?"

நல்ல கேள்வி. இதைக் கேட்டவரை இனத்துரோகி என்று திட்டுபவர்களும் இருக்கிறார்கள், இந்தக் கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு மொத்தக் கண்டுபிடிப்பையும் குப்பை என்று தள்ளுபவர்களும் இருக்கிறார்கள். இருவருமே பதிலைத் தேடிப் போகவில்லை. பதில் இருக்கிறது. அது ஆய்வகத்தில் தொடங்கினாலும் அங்கே முடிவதில்லை.

சிவகளை தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த கரியும் பானையோடும் மூன்று இடங்களுக்கு அனுப்பப்பட்டன: அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிடிக் என்ற தனியார் ஆய்வகம், லக்னோவின் பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி நிலையம். கரி மாதிரிகள் கி.மு. 2953 முதல் கி.மு. 3345 வரை காட்டின. அந்த 3345-ஐத்தான் 5,300 ஆண்டு என்கிறோம். பேராசிரியர் கா.ராஜனும் தொல்லியல் துறையின் இரா.சிவானந்தமும் எழுதிய அறிக்கையில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையின் கி.மு. 2172, திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்நமண்டியின் கி.மு. 1692 ஆகிய தேதிகளும் உண்டு. ஆனால் பேச்சு முழுக்க 3345-ஐயே சுற்றுகிறது.

இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். உயிரோடு இருக்கும் மரம் காற்றிலிருந்து கரிமத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது. அதில் மிகச் சிறு பங்கு கார்பன்-14. அது கதிரியக்கம் கொண்டது, 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். மரம் காற்றிலிருந்து வாங்குவதை நிறுத்திய நாளிலிருந்து கணக்கு ஓடத் தொடங்குகிறது. இதை வைத்துக் காலம் கணிக்கும் முறையைக் கண்டுபிடித்த வில்லார்டு லிபி சிகாகோவில் 1949-இல் முதல் தேதிகளை வெளியிட்டார், 1960-இல் வேதியியல் நோபல் பெற்றார். இந்தியாவில் இந்த வேலை 1960-களில் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தொடங்கிப் பிறகு அகமதாபாத்துக்கு இடம் மாறியது. பழைய அகழாய்வு அறிக்கைகளில் டி.எஃப். என்று தொடங்கும் எண் பம்பாயையும், பி.ஆர்.எல். என்று தொடங்கும் எண் அகமதாபாத்தையும் குறிக்கும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் இப்படி ஓர் ஆய்வக எண் உண்டு. அந்த எண் இல்லாத தேதியை நம்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கரித்துண்டு ஆய்வகத்துக்கு வந்ததும் முதல் வேலை கழுவுவது. அமிலம், காரம், மறுபடி அமிலம். மண்ணிலிருந்து ஊறிய கரிமமும், வேர்நுனியும், சுண்ணாம்பும் போனால்தான் கரியின் சொந்தக் கரிமம் மிஞ்சும். அதை எரித்து வாயுவாக்கி, வாயுவைக் கிராஃபைட் ஆக்கி, முடுக்கியில் வைத்துக் கார்பன்-14 அணுக்களை எண்ணுகிறார்கள். ஏ.எம்.எஸ். என்று சொல்லப்படும் முறை இதுதான். முன்பு கிராம் கணக்கில் கரி வேண்டியிருந்தது, இப்போது மில்லிகிராம் போதும். ஒரே ஒரு நெல்மணியைக்கூட அளக்கலாம். இந்தத் தொடரில் எந்த இடத்திலும் தவறு நுழையலாம். கழுவலில் கை சற்றுத் தளர்ந்தாலோ, ஒப்பிடும் தரமாதிரி கெட்டுப்போனாலோ தேதி மாறிவிடும்.

மாறியும் இருக்கிறது. லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வகம் 1980 முதல் 1984 வரை வெளியிட்ட தேதிகளில் ஒரே திசையில் ஒரு பிழை ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பீட்டுக்காக வைத்திருந்த தரமாதிரி ஆவியாகிக் குறைந்ததுதான் காரணம். பல தேதிகள் சராசரியாக 200, 300 ஆண்டுகள் இளமையாகக் காட்டப்பட்டுவிட்டன. அந்த ஆய்வகமே அதைக் கண்டறிந்து, ஆய்வக எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லி, திருத்தக்கூடியவற்றைத் திருத்தி, முடியாதவற்றைத் திரும்பப் பெற்று 1990-இல் கட்டுரை வெளியிட்டது. எனக்கு இது மிகப் பெரிய செயலாகப் படுகிறது. எண்கள் வெளிப்படையாக இருந்ததால்தான் அந்தத் திருத்தம் முடிந்தது. எந்தக் கரி, எந்த ஆண்டு, எந்த எண் என்ற பதிவு இல்லாமல் தேதி மட்டும் வெளியே போயிருந்தால் பிழையும் அதனோடு போயிருக்கும்.

ஆய்வகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சோதிக்கும் வழக்கமும் அந்தக் காலத்தில்தான் வலுப்பட்டது. 1982-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கூட்டாய்வில் 20 ஆய்வகங்கள் ஒரே மரவளைய மாதிரிகளை அளந்தன. ஆய்வகங்கள் தாங்களாக எழுதிக்கொண்ட பிழைவரம்பு உண்மையான சிதறலை விடச் சிறியது என்று தெரியவந்தது. அதாவது ±50 என்று எழுதியவர்களில் சிலர் ±100 என்றோ அதற்கும் மேலோ எழுதியிருக்க வேண்டும். பிறகு கிளாஸ்கோவின் மரியன் ஸ்காட் முன்னின்று நடத்திய சுற்றுகள் தொடர்ந்தன. மரம், எலும்பு, முற்றா நிலக்கரி, பார்லி என்று ஒரே பொருளைப் பல பங்காக்கி, வயதைச் சொல்லாமல், உலகெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு அனுப்புவார்கள். பதில்களை அடுக்கிப் பார்த்தால் யார் தடம் மாறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். சுற்றுக்குச் சுற்று சிதறல் குறைந்து வந்தது. இன்று நல்ல ஆய்வகங்கள் இரண்டில் ஒரே கரியைப் பாதியாக்கிக் கொடுத்தால், வித்தியாசம் பெரும்பாலும் சில பத்து ஆண்டுகளுக்குள் நிற்கும்.

உலகத்தின் கண் முன்னால் நடந்த சோதனை 1988-இல் டூரின் துணியில் நடந்தது. இயேசுவின் உடலைப் போர்த்தியது என்று நம்பப்பட்ட அந்தத் துணியின் ஓரத்தை வெட்டி அரிசோனா, ஆக்ஸ்ஃபோர்டு, ஜூரிக் ஆய்வகங்களுக்குக் கொடுத்தார்கள். வயது தெரிந்த வேறு துணிகளும் கூடவே போயின. அரிசோனா 646±31, ஆக்ஸ்ஃபோர்டு 750±30, ஜூரிக் 676±24 என்று அளந்தன. மூன்றும் கி.பி. 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்ட நூற்றாண்டையே சுட்டின. அரிசோனாவுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் இடையே 104 ஆண்டு இடைவெளி. துணி முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது அல்ல என்ற முடிவில் அது மாற்றம் எதையும் கொண்டுவராது. ஆனாலும் அந்த இடைவெளி குறித்து விவாதம் நிற்கவில்லை. மூல அளவீடுகள் 2017-இல் வெளியே வந்த பிறகு, 2019-இல் புள்ளியியல் மறுபரிசீலனையும் வந்தது. ஒரே துணி, சிறந்த மூன்று ஆய்வகங்கள், மேற்பார்வைக்குப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் என்று இருந்தும் அவ்வளவு கேள்வி. கேள்வி கேட்க இடம் கொடுத்ததுதான் அந்த ஆய்வின் பலம்.

இப்போது கேமரன் மலைக்கு வருவோம். இங்கே ஜே.ஏ.ரசல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் கையால் மலைச்சரிவுகள் தேயிலையாயின. பெரிய மரங்களைச் சாய்த்து, காய்ந்ததும் தீ வைத்து நிலம் திறப்பதுதான் அக்காலத் தோட்டங்களின் வழக்கம். அப்படி எரிந்த கரி ஏதோ ஒரு சரிவில் தேயிலை வேருக்குக் கீழே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொல்லியலாளர் அதை எடுத்து மூன்று நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகிறார். அது 300 வயது மரத்தின் வயிரப்பகுதி என்றால் மூன்றும் 1600-களைச் சேர்ந்தது என்று ஒரே குரலில் சொல்லும். மரத்தின் நடுப்பகுதி காற்றோடு கரிமம் மாற்றிக்கொள்வதை 300 ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். மூன்று ஆய்வகங்களும் அளந்தது சரி. ஆனால் 1600-களில் இந்த மலையில் தேயிலை இல்லை. கொழுந்துக் கூடையை மூன்று தராசில் வைத்து நிறுத்தாலும் எடை ஒன்றாகத்தான் வரும், எந்த மலையில் பறித்த கொழுந்து என்பதைத் தராசு சொல்லாது.

வயிரத்தை விட்டுவிட்டு, 1929-இல் துளிர்த்து அதே ஆண்டில் வெட்டப்பட்ட சுள்ளியை அனுப்பினாலும் சிக்கல் தீராது. காற்றில் உள்ள கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. அதனால் ஆய்வகம் தரும் எண்ணை, ஆண்டு தெரிந்த மரவளையங்களைக் கொண்டு வரைந்த வளைகோட்டில் வைத்துத் திருத்த வேண்டும். இப்போது வட அரைக்கோளத்துக்குப் பயன்படுத்துவது இன்ட்கால்20 என்ற வளைகோடு. அந்தக் கோடு சில இடங்களில் சரிந்து இறங்காமல் தட்டையாக ஓடுகிறது. ஏறத்தாழ 1650-லிருந்து 1950 வரை அப்படி ஒரு தட்டை. அந்தச் சுள்ளிக்கு 1670-களிலிருந்து 1940-கள் வரை பல துண்டுகளாகத்தான் விடை கிடைக்கும். எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் இதே கதிதான், கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும்.

கீழடியின் தலைவலி அங்கேதான்

இன்னொரு நீண்ட தட்டை கி.மு. 800-க்கும் கி.மு. 400-க்கும் இடையில் கிடக்கிறது. தமிழர் வரலாற்றில் நாம் மிகவும் தெளிவாக அறிய விரும்பும் 400 ஆண்டுகள் அவை. எழுத்து எப்போது வந்தது, ஊர் எப்போது நகரமானது என்ற கேள்விகள் எல்லாம் அதற்குள் விழுகின்றன. 2450±30 என்று ஓர் அளவீடு வந்தால், அது கி.மு. 750-ஆகவும் இருக்கலாம், கி.மு. 410-ஆகவும் இருக்கலாம். நடுவில் ஒரு எண்ணைப் பொறுக்கிப் பலகையில் எழுதுவது வசதிக்காகச் செய்வது. கீழடி அகழாய்வுக்குச் சொல்லப்படும் கி.மு. 580-ஐப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

கீழடியில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் ஆய்வகத்தின் மீதான சந்தேகம் தானாகவே குறையும். மத்தியத் தொல்லியல் துறைக்காக அமர்நாத் ராமகிருஷ்ணா தோண்டியபோது இரண்டு கரி மாதிரிகள் பீட்டா ஆய்வகத்துக்குப் போயின. 2017 ஜூலையில் மத்திய அமைச்சர் மகேஷ் சர்மா நாடாளுமன்றத்தில் சொன்ன எண்கள் 2160±30, 2200±30. பலர் இதை "2,200 ஆண்டு பழமை" என்று நேரே படித்தார்கள். அது திருத்தப்படாத எண், 1950-ஐ இன்று என்று வைத்துப் பின்னோக்கி எண்ணியது. வளைகோட்டில் வைத்தால் முதலாவது தோராயமாகக் கி.மு. 360-க்கும் 100-க்கும் இடையிலும், இரண்டாவது 370-க்கும் 180-க்கும் இடையிலும் விழும். பிறகு தமிழகத் தொல்லியல் துறை நான்காம் கட்டத்தில் எடுத்த ஆறு மாதிரிகளை அனுப்பியது. அதே பீட்டா ஆய்வகம். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி கி.மு. 580 என்று வந்தது, 2019 செப்டம்பரில் அரசு அதை வெளியிட்டது.

ஒரே ஊர், ஒரே ஆய்வகம், சில நூற்றாண்டு வித்தியாசம். கரி எந்த ஆழத்திலிருந்து வந்தது என்பதுதான் வேறுபட்டது. ஊரே முதல் குடிசையிலிருந்து கடைசிக் கூரை வரை பல நூற்றாண்டு வாழ்ந்திருக்கும்போது, இரண்டு கரித்துண்டு அதன் வயதைச் சொல்லிவிடும் என்று எதிர்பார்த்ததே தவறு. அவ்வளவு பெரிய அகழாய்வில் இரண்டே மாதிரிகளோடு நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. அமர்நாத் 2023 ஜனவரியில் தன் அறிக்கையைக் கொடுத்தார், கீழடியின் தொடக்கத்தை கி.மு. எட்டாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனார். 2025 மே மாதம் மத்தியத் துறை அதைத் திருத்தித் தரச் சொன்னது, அவர் மறுத்தார். அடுக்கையும் ஆழத்தையும் குறித்துக் கேள்வி கேட்பது தொல்லியலில் இயல்பானது. அறிக்கையை இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்துவிட்டுக் கேட்டதுதான் உறுத்துகிறது. அறிக்கை அச்சில் வந்திருந்தால் உலகமே அந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கும், பதிலும் அச்சில் வந்திருக்கும்.

ஆதிச்சநல்லூர் அகழாய்வின் கதை இன்னும் வருத்தமானது. 2004-05-இல் தோண்டிய கரி, மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கு நடந்த பிறகு, 2019-இல்தான் தேதியானது: கி.மு. 905, கி.மு. 696. கரி பழுதாகவில்லை. நமக்குக் கிடைக்க வேண்டிய அறிவுதான் அத்தனை ஆண்டு அலமாரியில் கிடந்தது.

சிவகளையின் 2,000 ஆண்டு

சிவகளைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் மிக நுட்பமான கேள்வி அங்கேதான் இருக்கிறது. அதே சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று தேதி வந்தது, 2021-இல் அறிவிக்கப்பட்டது. அதே இடுகாட்டின் கரிக்கு கி.மு. 3345. இடையில் 2,000 ஆண்டுக்கு மேல் தூரம். ஆய்வகம் கெடுத்திருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். கி.மு. 1155-ஐச் சேர்ந்த கரி கி.மு. 3345 என்று தவறாகக் காட்ட வேண்டுமென்றால், நிலக்கரி போல கார்பன்-14 அறவே அற்ற பழங்கரிமம் அதில் ஏறத்தாழ 18 விழுக்காடு கலந்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் தவறுதலாக இவ்வளவு கலப்பது நடக்கிற காரியமில்லை. அதுவும் பல மாதிரிகளில் ஒரே திசையில் நடக்க வேண்டும். எதிர்த் திசையில், இன்றைய கரிமம் ஒரு விழுக்காடு ஒட்டியிருந்தாலும் அந்தக் கரி சில பத்து ஆண்டுதான் இளமையாகக் காட்டும். ஆகவே புளோரிடாவையோ லக்னோவையோ குறை சொல்லி இந்த இடைவெளியை அடைக்க முடியாது.

பழைய மரம் என்ற விளக்கமும் பாதி வழியில் நின்றுவிடும். கேமரன் மலைக் காட்டில் 300 ஆண்டு மரம் இருக்கலாம், சிவகளைப் பக்கத் தாமிரபரணிக் கரையில் 2,000 ஆண்டு மரத்தை எங்கே தேடுவது? மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, அந்த இடுகாடு உண்மையிலேயே பல நூறு தலைமுறைகள் அல்ல என்றாலும், எண்பது தலைமுறைக்காவது புழங்கியது. மற்றொன்று, தாழி புதைத்தவர்கள் குழி வெட்டிய மண்ணிலேயே அதற்கு வெகுகாலம் முன்பு எரிந்த கரி கலந்து கிடந்தது. கரி மக்காது. பழைய தீயின் கரி புதிய குழிக்குள் விழுந்தால், ஆய்வகம் பழைய தீயின் வயதைத்தான் சரியாகச் சொல்லும்.

இதை அவிழ்க்க உதவுவது பானையோடு. ஒளித்தூண்டல் முறை கரிமத்தை அளப்பதில்லை. மண்ணில் உள்ள படிகத் துகள் கடைசியாக எப்போது சூடானது, அல்லது வெளிச்சம் கண்டது என்று அளக்கிறது. பானை சூளையில் வெந்த நாள் அது, விறகின் வயது அல்ல. பிழைவரம்பு பெரியது, சில நூறு ஆண்டு. சிவகளைப் பானையோடுகளுக்கு இந்த முறையில் கி.மு. 2400-களைச் சேர்ந்த தேதிகள் வந்தன. கரியை விட 500 முதல் 900 ஆண்டு இளமை. இதில் இரண்டு செய்தி இருக்கிறது. கரியில் ஒரு பகுதி பானையை விட மூத்ததாக இருக்கக்கூடும் என்பது ஒன்று. கரியை ஒதுக்கிவிட்டாலும் பானை மட்டுமே நம்மை மூன்றாம் ஆயிரமாண்டில் நிறுத்துகிறது என்பது மற்றொன்று. கி.மு. 2400 என்றாலும் அது இரும்பின் வரலாற்றைத் திருப்பிப் போடும் தேதி. 3345-ஐத் தலைப்பில் போட்டு 2400-ஐ உள்பக்கத்தில் வைத்ததால் வலுவான வாதம் பின்னால் போய்விட்டது என்பது என் கருத்து.

அடுத்த கேள்வி இரும்புக்கு. சிவகளையில் 85-க்கும் மேற்பட்ட இரும்புப் பொருள்கள் தாழிக்குள்ளும் வெளியேயும் கிடைத்தன: கத்தி, அம்புமுனை, உளி, கோடரி. தேதி கரிக்கும் ஓட்டுக்கும் கிடைத்தது. இரும்பும் அவையும் ஒரே நாளில் மண்ணுக்குள் போயின என்பதை அகழ்ந்தவரின் குறிப்பேடும் மண்ணடுக்கின் வரைபடமும்தான் நிறுவ வேண்டும். மலேசியர்களுக்கு இது புதிதல்ல. சரவாக்கின் நியா குகையில் 1958-இல் கிடைத்த மண்டையோட்டுக்கு 40,000 ஆண்டு என்றார்கள். அளந்தது பக்கத்துக் கரியை. மண்டையோடு மேலிருந்து தோண்டிப் புதைக்கப்பட்டதாக இருந்தால் என்ன செய்வது என்ற சந்தேகம் பல பத்தாண்டு நீடித்தது. 2000-க்குப் பிறகு கிரேம் பார்க்கர் குழு குகைக்குத் திரும்பிப்போய் அடுக்குகளை மறுபடி படித்தது. மண்டையோட்டின் மீதே வேறு முறையில் நடந்த அளவீடு ஏறத்தாழ 37,000 ஆண்டு என்று காட்டியது. பழைய தேதி கிட்டத்தட்ட நின்றது. கெடா சுங்கை பத்து இரும்பு உலைகளுக்கு முதலில் கி.மு. 535 என்றும் பிறகு கி.மு. 788 என்றும் சொல்லப்பட்டது. இரண்டும் அந்த நீண்ட தட்டையில் அல்லது அதன் விளிம்பில் விழும் எண்கள். கெடாவைக் கடாரம் என்று சொந்தமாக நினைக்கும் நாம் அங்கேயும் எந்தக் கரி, எந்த அடுக்கு என்று கேட்கலாம்.

சில சமயம் இரும்பையே அளக்க முடியும். எஃகில் இருக்கும் கரிமம் உலையில் போட்ட கரியிலிருந்து வந்தது. நிக்கோலாஸ் வான் டெர் மெர்வே 1969-இலேயே இதைச் செய்து காட்டினார். முழுக்கத் துருவாகிப்போன துண்டில் இது கடினம், உள்ளே உலோகம் மிஞ்சியிருந்தால் நல்லது. அப்படி ஒரு துண்டு சிவகளையில் இருந்தால் அதை வெட்ட மனம் வராதுதான். ஆனாலும் வெட்ட வேண்டும்.

தமிழகத் தொல்லியல் துறை மூன்று ஆய்வகங்களுக்கு அனுப்பியது இந்தியாவில் பலர் செய்யாத நல்ல காரியம். அடுத்த படியும் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மூடி கலையாத தாழி ஒன்றிலிருந்து ஓராண்டுப் பயிராகிய நெல்லையோ உமியையோ எடுத்து, ஒரே மாதிரியைப் பங்கிட்டு, டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்துக்கு ஒரு பங்கு, லக்னோவுக்கு ஒரு பங்கு, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு ஒரு பங்கு என்று அனுப்பலாம். எந்த ஊர் என்று எழுத வேண்டாம். ஒவ்வொரு பொட்டலத்தோடும் வயது தெரிந்த மாதிரி ஒன்றை அடையாளம் சொல்லாமல் சேர்த்துவிட வேண்டும். வருகிற எல்லா எண்களையும், பிடிக்காதவற்றையும் சேர்த்து, ஆய்வக எண்ணோடும் திருத்தாத அளவோடும் முழு வீச்சோடும் அச்சிட வேண்டும். தேதி பார்த்த கரியில் ஒரு பங்கு அனுப்பாமல் இருப்பில் இருக்கட்டும். ஆதிச்சநல்லூர்க் கரி 15 ஆண்டு காத்திருந்தும் தேதி தந்தது.